துணி வெட்டிய கத்தி புல் வெட்டப் போன கதை
(எட்வின் பியர்ட் பட்டிங் – ஒரு மெக்கானிக்கின் வாழ்க்கை)



கண்டுபிடிப்பாளர் என்று சொன்னவுடன் நம் மனக்கண் முன் யார் வருகிறார்கள்? ஜேம்ஸ் வாட் வருகிறார், எடிசன் வருகிறார், மார்க்கோனி வருகிறார். பாடப்புத்தகத்தில் படம் போட்டவர்கள் எல்லாரும் வரிசையாக வருகிறார்கள். ஆனால் காக்கிச் சட்டை போட்டு, கையில் கிரீஸ் ஒட்டி, ஒரு மில்லில் மெஷின் ரிப்பேர் பார்த்துக் கொண்டே உலகத்துக்கு ஒரு புது இயந்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் நம் நினைவுக்கு வருவதில்லை. அப்படிப்பட்ட ஒருவர்தான் இங்கிலாந்தின் எட்வின் பியர்ட் பட்டிங். புல்வெளியை ஒரே சீராக வெட்டும் இயந்திரத்தை, அதாவது லான் மோவரை, முதன்முதலில் செய்தவர் இவரே.

புல் வெட்டுற மெஷின்தானே, இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது நண்பர்களே. கிரிக்கெட் மைதானத்தை டி.வி.யில் பார்க்கும்போது வெளிர்பச்சை, கரும்பச்சை என்று பட்டை பட்டையாகத் தெரிகிறதே, அது பெயின்ட் அல்ல. விம்பிள்டன் டென்னிஸ் மைதானத்தில் புல்லின் உயரம் 8 மில்லிமீட்டர். ஏக்கர் கணக்கில் இருக்கும் புல்லை 8 மில்லிமீட்டரில் சீவி நிறுத்துவது சாதாரணக் காரியமா? அதற்கு வழி செய்த மனிதரின் கதை, டிப்ளமோ படிக்கிற நமக்கென்றே எழுதி வைத்தது போல இருக்கிறது.

பிறந்த ஊரும் பார்த்த தொழிலும்

பட்டிங் பிறந்தது 1796-ஆம் ஆண்டு. ஊர் இங்கிலாந்தின் மேற்கே க்ளஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஸ்ட்ரௌட் என்ற நகரத்தின் பக்கம். ஆரம்பத்தில் தச்சு வேலை செய்தவர், பிறகு இரும்பு வேலைக்கு மாறினார். பெரிய குடும்பம் இல்லை, பெரிய படிப்பும் இல்லை. உளி பிடித்த கை சம்மட்டியையும் பிடித்தது, அவ்வளவுதான்.

ஸ்ட்ரௌட் என்பது மலைச்சரிவுகளுக்கு நடுவே ஓடைகள் ஓடும் பள்ளத்தாக்கு. தண்ணீர் ஓடுகிற இடமெல்லாம் சக்கரம் சுழலும், சக்கரம் சுழலுகிற இடமெல்லாம் மில் இருக்கும். நம் கோயம்புத்தூருக்குப் பருத்தி எப்படியோ, ஸ்ட்ரௌட்டுக்குக் கம்பளி அப்படி. பிரிட்டிஷ் சிப்பாய்கள் போட்ட சிவப்புக் கோட்டுக்குத் துணி நெய்து பேர் வாங்கிய ஊர் அது. நம்ம நாட்டை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியும் அந்தப் பகுதித் துணிக்குப் பெரிய வாடிக்கையாளர்தான்!

அந்த மில்களில் மெஷின் பழுது பார்ப்பது, புதுசாக உதிரிபாகம் செய்து கொடுப்பது, ஓடாததை ஓட வைப்பது – இதுதான் பட்டிங்கின் பிழைப்பு. இன்றைய பாஷையில் சொன்னால் மெயின்டனன்ஸ் மெக்கானிக்.

மில்லுக்குள் ஒரு கத்தி

கம்பளித் துணி தறியிலிருந்து இறங்கியவுடன் கடைக்குப் போய்விடாது. அதை நனைத்து இடித்து இறுக்குவார்கள். பிறகு முள் காய்களால் மேற்பரப்பைச் சீவி இழையைக் கிளப்புவார்கள். அப்போது துணி மேல் பூனை முடி போல இழை எழுந்து நிற்கும். அந்த இழையை ஒரே மட்டத்தில் கத்தரித்தால்தான் துணிக்கு வழுவழுப்பும் மினுமினுப்பும் வரும். ஒரு இடத்தில் ஆழமாக வெட்டினால் துணி ஓட்டை, ஒரு இடத்தில் விட்டுவிட்டால் துணி சொரசொரப்பு. எவ்வளவு நுணுக்கமான வேலை பாருங்கள்!

இந்த வேலையை முன்பெல்லாம் ஆட்கள் ராட்சதக் கத்தரிக்கோலால் செய்தார்கள். தூக்கவே திணறும் எடை. அதைப் பழகி முடிக்கப் பல வருஷம் ஆகும். அதனால் அந்தத் தொழிலாளிக்கு நல்ல கூலியும் மரியாதையும் இருந்தது.

1815-இல் ஸ்ட்ரௌட் பக்கத்திலேயே பிரிம்ஸ்கோம்ப் என்ற ஊரைச் சேர்ந்த ஜான் லூயிஸ் என்பவர் இதற்கு ஒரு மெஷினுக்குப் பேட்டன்ட் வாங்கினார். ஒரு உருளையின் மேல் திருகு போல வளைந்து போகும் கத்திகள். அதற்குக் கீழே அசையாத ஒரு நேர்க்கத்தி. உருளை சுழலச் சுழல, மேல் கத்தியும் கீழ் கத்தியும் சந்திக்கிற இடத்தில் துணியின் இழை கத்தரிக்கப்படும். துணி ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் சீராக வெளியே வரும்.

இந்த மெஷினை அந்த வட்டாரத்தில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? மில் முதலாளி, மேஸ்திரி, தொழிலாளி என்று நூற்றுக்கணக்கானோர் பார்த்தார்கள். எல்லாரும் துணியைப் பார்த்தார்கள். பட்டிங் ஒருவர்தான் அதில் புல்லைப் பார்த்தார்!

துணி மேல் நிற்பதும் மெல்லிய இழை, தரை மேல் நிற்பதும் மெல்லிய இழை. துணியை மெஷினுக்குள் ஓட்டுவதற்குப் பதில், மெஷினையே தரை மேல் ஓட்டினால் என்ன? இவ்வளவுதான் யோசனை. கேட்டால் ரொம்ப சுலபமாகத் தெரியும். ஆனால் அது வரைக்கும் யாருக்கும் தோன்றவில்லையே!

அரிவாள் காலம்

அந்தக் காலத்தில் பிரபுக்களின் மாளிகைப் புல்வெளிகளை எப்படி வெட்டினார்கள்? இரண்டு கைகளாலும் பிடித்து வீசும் நீண்ட பிடி அரிவாளால்தான். பத்து ஆள் வரிசையாக நின்று வீசுவார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. அரிவாள் வீச்சுக்குக் கீழ்க்கத்தி கிடையாது. எதிரே பிடித்துக் கொள்ள ஒன்றும் இல்லாததால் காய்ந்த புல் வெட்டுப்படாமல் சாய்ந்துவிடும். ஆகவே பனி ஈரம் இருக்கும் விடியற்காலையில்தான் வேலை. எவ்வளவு கைதேர்ந்த ஆளாக இருந்தாலும் தரையில் வட்ட வட்டமாக வீச்சுத் தழும்பு விழும். அதைப் பெருக்கி அள்ள வேறு ஆட்கள் வேண்டும். ஆகவே சீரான புல்வெளி என்பது பணக்காரன் வீட்டுச் சொத்து. ஏழை வீட்டில் ஆடு மேய்ந்தால் சரி!

1830: ஒப்பந்தமும் பேட்டன்டும்

யோசனை மட்டும் இருந்தால் போதுமா? வார்ப்புக்கு பவுண்டரி வேண்டும், இரும்பு வேண்டும், பேட்டன்டுக்குப் பணம் வேண்டும். பட்டிங்கிடம் இவை இல்லை. ஸ்ட்ரௌட் அருகே த்ரப் என்ற இடத்தில் ஃபீனிக்ஸ் இரும்பு ஆலையை நடத்திய ஜான் ஃபெராபீ என்பவரிடம் போனார். 1830 மே 18-ஆம் தேதி இருவரும் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொண்டார்கள். செலவு முழுவதும் ஃபெராபீ போட வேண்டும், பேட்டன்டும் அவர் செலவில் வாங்க வேண்டும். அதற்குப் பதிலாக மெஷினைத் தயாரிக்கவும் விற்கவும் பிறருக்கு லைசென்ஸ் கொடுக்கவும் உரிமை ஃபெராபீக்கு. 1830 ஆகஸ்ட் 31-இல் பேட்டன்ட் கிடைத்தது.

அந்தப் பேட்டன்டில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. உருளைக் கத்தியைத் தானே கண்டுபிடித்ததாக பட்டிங் எங்கும் சொல்லிக் கொள்ளவில்லை. இருக்கிற இயந்திர அமைப்பைப் புது விதமாக இணைத்து, புல்வெளி என்ற புது இடத்தில் பயன்படுத்துவதுதான் தன் கண்டுபிடிப்பு என்று நேர்மையாகப் பதிவு செய்தார். கூடவே, கிராமத்துக் கனவான்கள் இதைத் தாங்களே தள்ளினால் பொழுதுபோக்கும் ஆச்சு, உடற்பயிற்சியும் ஆச்சு என்று ஒரு விளம்பரத்தையும் சேர்த்துவிட்டார். ஆள் கெட்டிக்காரர்!

மெஷினை ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஓட்டிப் பார்த்தார்கள் என்று ஒரு கதை சொல்லுவார்கள். அக்கம்பக்கத்தார் பைத்தியம் என்று சிரிப்பார்களோ, இல்லை ஐடியாவைத் திருடி விடுவார்களோ என்ற பயமாம். உண்மையோ பொய்யோ, கதை நன்றாகத்தான் இருக்கிறது.

சீரான வெட்டின் ரகசியம்

இனி நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். முதல் மெஷினின் அகலம் 19 அங்குலம். சட்டம் தேனிரும்பு. பின்னால் ஒரு கனமான ரோலர். ஆள் பின்னாலிருந்து தள்ளினால் ரோலர் உருளும். அந்தச் சுழற்சி பல்சக்கரங்கள் வழியாக முன்னால் இருக்கும் கத்தி உருளைக்குப் போகும். கியர் விகிதம் 16-க்கு 1. அதாவது ரோலர் ஒரு சுற்றுச் சுற்றினால் கத்தி உருளை 16 சுற்று. நடுவில் இன்னொரு சின்ன ரோலர். அதை ஏற்றி இறக்கினால் வெட்டும் உயரம் மாறும். வெட்டிய புல் முன்னால் உள்ள தட்டில் போய் விழும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போமா? ரோலரின் விட்டம் 1 அடி என்று வைத்துக் கொள்வோம். சுற்றளவு ஏறக்குறைய 96 செ.மீ. உருளையில் 4 கத்தி என்று வைத்துக் கொண்டால், ரோலரின் ஒரு சுற்றுக்கு 16 x 4 = 64 வெட்டு. 96-ஐ 64-ஆல் வகுத்தால் 1.5 செ.மீ.க்கு ஒரு வெட்டு. இப்போது தள்ளுகிறவர் வேகமாகப் போகிறார். வெட்டின் இடைவெளி மாறுமா? மாறாது! மெதுவாகப் போகிறார். அப்போதும் 1.5 செ.மீ.தான்! தரையே கத்தியைச் சுழற்றுவதால், ஆள் அவசரப்பட்டாலும் அசந்து போனாலும் வெட்டு ஒரே சீர். அரிவாள்காரருக்கு இருபது வருஷப் பழக்கத்தில் வந்த ஒழுங்கை, பட்டிங் நாலு பல்சக்கரத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டார் என்றால் மிகையாகாது.

இந்த இடைவெளி புல்லின் உயரத்தைவிட அதிகமானால் தரையில் அலை அலையாக வரி தெரியும். ஆகவே உயரத்தைக் குறைக்க வேண்டுமானால் கத்தியைக் கூட்ட வேண்டும், அல்லது கியரை மாற்ற வேண்டும். இன்றைக்கும் டிசைன் செய்கிறவர்கள் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். கத்தியைத் திருகு போல வளைத்ததற்கும் காரணம் உண்டு. நேர்க்கத்தியாக இருந்தால் 19 அங்குலமும் ஒரே நேரத்தில் மோதி உதறும். வளைந்த கத்தியில் வெட்டு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நழுவிக் கொண்டே போகும், கத்தரிக்கோல் மாதிரி. பாரம் சீராகிறது, வெட்டும் சுத்தமாகிறது.

சுத்தமான வெட்டு என்பது அழகுக்கு மட்டுமல்ல. மழுங்கிய கத்தி புல்லை வெட்டாது, கிழிக்கும். கிழிந்த நுனி காய்ந்து பழுப்பாகி, தூரத்திலிருந்து பார்த்தால் மைதானமே வாடினது போல இருக்கும். உருளைக் கத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை. மேல் கத்திக்கும் கீழ் கத்திக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து உருளையைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும் (விரலைத் தள்ளி வைத்துக் கொள்ளவும்!). இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எங்கே வைத்தாலும் காகிதம் பிசிறில்லாமல் வெட்டுப்பட்டால் செட்டிங் சரி. அது போக, ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, முந்தின பட்டையின் மேல் கொஞ்சம் ஏறிப் போக வேண்டும், ஒவ்வொரு முறையும் திசையை மாற்ற வேண்டும். டி.வி.யில் பார்க்கிற அந்தப் பட்டைகள்? ரோலர் போன திசையில் புல் சாய்கிறது. நம்மை விட்டு அப்பால் சாய்ந்த புல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி வெளிர்பச்சையாகத் தெரிகிறது. நம் பக்கம் சாய்ந்தது கரும்பச்சையாகத் தெரிகிறது. எல்லாம் நம்ம பின் ரோலர் செய்கிற வேலை!

பரவிய விதம்

ஆரம்பத்தில் விற்ற மெஷின்களில் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலைக்கும் ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகளுக்கும் போனவை உண்டு. மிருகக்காட்சி சாலையின் மேஸ்திரி ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆறு முதல் எட்டு ஆள் வேலையை இரண்டு ஆளே முடிக்கிறார்கள் என்று சான்று கொடுத்தார். மெஷின் கனம் அதிகம். ஆகவே பின்னால் ஒருவர் தள்ள, முன்னால் ஒருவர் இழுக்க இன்னொரு கைப்பிடி சீக்கிரமே வந்து சேர்ந்தது. காய்ந்த புல்லையும் வெட்டியதால் விடியற்காலைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

1832-லேயே இப்ஸ்விச் நகரின் ரான்சம் கம்பெனி லைசென்ஸ் எடுத்துத் தயாரிக்க ஆரம்பித்தது. 1840-களில் ஸ்காட்லாந்தில் ஷாங்க்ஸ் என்பவர் மட்டக்குதிரை இழுக்கும் மெஷின் செய்தார். குளம்பு தரையைக் கெடுக்காமல் இருக்கக் குதிரைக்குத் தோல் ஷூ போட்டார்களாம்! 1877-இல் முதல் விம்பிள்டன் போட்டி நடந்தபோது, பந்து சீராக எகிறும் புல்தரை தயார் செய்வது ஊருக்கு ஊர் முடிகிற காரியமாகிவிட்டது. 1902-இல் ரான்சம் கம்பெனி பெட்ரோல் இன்ஜின் வைத்த மெஷினை விற்றது. சும்மா வெட்டினால் போதும் என்கிற இடத்தில் இன்று மின்விசிறி மாதிரி சுழலும் ரோட்டரி மெஷின்தான் அதிகம். ஆனால் விளையாட்டு மைதானத்தின் உயர்ந்த தரம் என்று வந்துவிட்டால், இன்றும் பட்டிங்கின் உருளைக் கத்திதான்.

நாணயத்தின் மறுபக்கம்

இத்தோடு நிறுத்தினால் இது வெறும் புகழ்மாலை ஆகிவிடும். ஆறு முதல் எட்டு ஆள் வேலையை இரண்டு பேர் பார்த்தார்கள் என்றால், மீதி ஆட்கள் எங்கே போனார்கள்? இதை நாம் கேட்க வேண்டாமா?

பட்டிங் பேட்டன்ட் வாங்கிய அதே 1830 ஆகஸ்ட் கடைசியில்தான் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் மெஷின்களை உடைக்கத் தொடங்கினார்கள். குளிர்காலம் முழுக்கக் கதிரடித்துப் பிழைத்தவர்களின் வயிற்றில் அந்த மெஷின் அடித்தது. நவம்பரில் அந்தக் கலகம் பட்டிங்கின் க்ளஸ்டர்ஷயர் வரைக்கும் வந்தது. நாடு முழுவதும் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், 480-க்கும் மேற்பட்டோர் ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளாக நாடு கடத்தப்பட்டார்கள். அதற்கும் முன்னால் 1812-இல் யார்க்ஷயரில் துணி கத்தரிக்கும் தொழிலாளர்கள் தங்கள் பிழைப்பைக் கெடுத்த மெஷின்களைச் சம்மட்டியால் உடைத்தார்கள். அந்தக் கலவரங்களின் தொடர்ச்சியாக 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேர் தூக்கு மேடை ஏறினார்கள். பட்டிங் எடுத்துக் கொண்ட கத்தியும் அப்படியொரு தொழிலைக் காலி செய்த கத்திதான் என்பதை மறக்கலாகாது.

இதற்காக பட்டிங்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியுமா? முடியாது. வேலையைச் சுலபமாக்குவது மெக்கானிக்கின் கடமை. மிச்சமாகும் கூலி யார் பைக்குப் போகிறது, வேலை இழந்தவனுக்கு என்ன வழி என்பதைச் சமுதாயம் தீர்மானிக்க வேண்டும். அன்றைய சமுதாயம் அதற்குத் தூக்குக் கயிற்றைத்தான் பதிலாகக் கொடுத்தது. நாளைக்கு நாம் ஒரு ஆலையில் ஆட்டோமேஷன் செய்யப் போகிறோம். அப்போது மெஷினைப் பார்க்கிற கண், மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளையும் பார்க்க வேண்டும்.

கடைசி நாட்கள்

பட்டிங் ஒரு மெஷினோடு ஓய்ந்து போகவில்லை. பல குழல்கள் கொண்ட கைத்துப்பாக்கி ஒன்றைச் செய்தார். சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வருக்கு 1836-இல் அமெரிக்கப் பேட்டன்ட் வாங்குவதற்கு முன்னாலேயே இது நடந்தது. நட்டுக்கு ஏற்றபடி வாயைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ ஸ்பேனரின் முன்னோடிகளில் ஒருவர் என்றும் அவரைச் சொல்கிறார்கள். பிறகு ஸ்ட்ரௌட்டை விட்டு அருகிலுள்ள டர்ஸ்லி என்ற ஊருக்குப் போய், ஜார்ஜ் லிஸ்டர் என்பவரோடு சேர்ந்து கம்பளியைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷின்களை மேம்படுத்தும் வேலையில் இருந்தார். 1846-இல் டர்ஸ்லியிலேயே காலமானார். வயது 50 தான்.

லிஸ்டர் என்ற பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அந்த ஜார்ஜ் லிஸ்டரின் மகன் ராபர்ட் ஆஷ்டன் லிஸ்டர் 1867-இல் டர்ஸ்லியில் ஆரம்பித்த கம்பெனியின் டீசல் இன்ஜின்கள்தான் பிற்காலத்தில் உலகம் சுற்றின. நம் நாட்டுக் கிணற்று மேட்டில் டுக் டுக் என்று ஓடித் தண்ணீர் இறைத்த இன்ஜின்களில் பல, அந்த மாடலைப் பார்த்து இங்கேயே செய்தவை.

நமக்கு என்ன பாடம்?

பட்டிங்கின் வாழ்க்கையில் புதிய விதி எதுவும் இல்லை, புதிய உலோகம் இல்லை, புதிய கத்திகூட இல்லை. தினமும் பார்க்கிற ஒரு மெஷினை இன்னொரு தொழிலின் தேவையோடு முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சுக்குத்தான் பேட்டன்ட். நம்மில் எத்தனையோ பேரின் அப்பா தறி ஓட்டுகிறார், அண்ணன் லேத் ஓட்டுகிறார், மாமா வயலில் நிற்கிறார், அம்மா கிரைண்டரோடு மல்லுக்கட்டுகிறார். ஒரு இடத்தில் தீர்ந்துவிட்ட பிரச்சினை இன்னொரு இடத்தில் இன்னும் தீராமல் கிடக்கிறது. இரண்டையும் கண்ணால் பார்க்கிற வாய்ப்பு, ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவரைவிட நமக்குத்தான் அதிகம்.

டிப்ளமோதானே என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் தலை குனியாதீர்கள் தோழர்களே! அடுத்த முறை இன்டஸ்ட்ரியல் விசிட் போகும்போது ரிக்கார்டு நோட்டுக்காக மட்டும் பார்க்காமல், இந்த மெஷினை வேறெங்கே ஓட்டலாம் என்று ஒரு கேள்வியையும் பையில் போட்டுக் கொண்டு போவோம். தச்சனாகத் தொடங்கிய ஒரு மில் மெக்கானிக்குக்கு முடிந்தது நமக்கு முடியாதா என்ன?

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை